வட்டம் விழவில்லை, ஆனால் பயோஃபிலிம் பாதியாகிவிட்டது: எதை நம்புவது?

கேள்வி (ஊதாவிரல்): எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி வருடம். பெட்ரோல் பங்க் மண்ணில் கிடைத்த பேசில்லஸ் சப்டிலிஸை வளர்த்து, சென்ட்ரிஃபியூஜில் செல்களை இறக்கி, மேலே நின்ற திரவத்தை அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கொண்டுவந்து இரவு ஃபிரிட்ஜில் வைத்தேன், காலையில் அடியில் பழுப்பாகப் படிந்திருந்தது. சர்ஃபாக்டினாக (பேசில்லஸ் சுரக்கும் சோப்பு போன்ற பொருள்) இருக்கும் என்று நினைக்கிறேன். மெத்தனாலில் கரைத்து ஈ. கோலை பாக்டீரியா வளரும் தட்டில் குழி வெட்டி ஊற்றினால், கிருமி வளராத வெற்று வட்டமே விழவில்லை. ஆனால் 96 குழி பிளாஸ்டிக் தட்டில் அதே கிருமியை வளர்த்து, பயோஃபிலிமை (பரப்பில் ஒட்டி வளரும் கிருமிப் படலம்) ஊதாவாக்கும் கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டுக் கழுவினால் ஊதா பாதிதான் நிற்கிறது. கொல்லாததை வைத்து என்ன ஆய்வேடு என்று கூடப் படிப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

பழைய லேப்காரன்: இரண்டையும் நம்பலாம் தம்பி. கொல்வது வேறு, ஒட்டவிடாமல் செய்வது வேறு. சர்ஃபாக்டின் அகாரில் (தட்டில் உள்ள ஜெல்லி) சரியாகப் பரவாது, ஈ. கோலைக்கு வெளிச்சவ்வு என்கிற கவசமும் இருக்கிறது, அப்புறம் வட்டம் எங்கே விழும்? ஆனால் தண்ணீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72இலிருந்து 27 மில்லிநியூட்டன் வரை இறக்கிவிடுகிற சரக்கு அது, பிளாஸ்டிக்கில் போய் உட்கார்ந்தால் பாக்டீரியாவுக்குப் பிடிமானம் கிடைக்காது. 2001இல் வந்த ஆய்வில் வினைல் சிறுநீர்க் குழாய்க்குள் சர்ஃபாக்டினை முன்கூட்டியே ஓடவிட்டார்கள், சால்மோனெல்லா படலம் கட்டுவது குறைந்தது. கிருமி வளரும் ஊடகத்தில் கலந்து வைத்ததற்கு இணையான பலன்.

மீனா அக்கா: சரிதான், ஆனால் மெத்தனால் மட்டும் ஊற்றிய குழி வைத்தாயா? பாதி பேர் கரைப்பானின் வேலையைத் தங்கள் பொருளின் வேலை என்று எழுதிவிடுகிறார்கள் (நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்). சாயம் போடுவதற்கு முன் 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை அளந்து வளர்ச்சியைப் பார். கிரிஸ்டல் வயலட் செத்த செல்லையும் பிடிக்கும், அதனால் ஒட்டியதைச் சுரண்டித் தட்டில் பரப்பி, உயிரோடு இருப்பதை எண்ணவும் வேண்டும். குழியில் பொருளை ஊற்றி, வடித்துவிட்டு, அதன் பிறகு கிருமியைப் போட்டும் பார். அப்போதும் ஊதா குறைந்தால் பரப்பில்தான் வேலை நடக்கிறது.

பழைய லேப்காரன்: இரத்த அகாரிலும் ஒரு சொட்டு வை. சர்ஃபாக்டின் சிவப்பணுவை உடைக்கும். குழாய்க்குப் பூசலாம் என்று ஆய்வேட்டில் எழுதினால் வைவாவில் முதலில் கேட்பது அதைத்தான்.

ஊதாவிரல்: மெத்தனால் குழி வைக்கவே இல்லை அக்கா. 600இல் மட்டும் பார்த்திருந்தேன், பொருள் போட்ட வரிசையும் போடாத வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். திங்கள்கிழமை மறுபடி தட்டு போடுகிறேன்.