ஆயாவின் ரங்கூன் மரவை: மூடி வளைந்துவிட்டது, வழி உண்டா?

தேவகோட்டைப் பேத்தி:
என் ஆயா, அம்மாவைப் பெற்றவர்கள், போன தையில் தவறிவிட்டார்கள். 93 வயது. அவர்களுடைய வெற்றிலை மரவை, அதாவது வெற்றிலை வைக்கும் அரக்குப் பெட்டி, என் பங்குக்கு வந்தது. சிவப்பு அரக்கில் யானை கீறியது, உள்ளே இரண்டு தட்டு. கறை போகட்டும் என்று சோப்புப் போட்டுக் கழுவி, மொட்டை மாடியில் ஒரு பகல் முழுக்கக் காயவைத்தேன். புத்திசாலித்தனம்! மூடி வளைந்துவிட்டது, விளிம்பு பொருக்குப் பொருக்காக உரிகிறது. ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். சீர்ச் சாமான் பரப்பும்போது அதையும் வைக்க வேண்டும் என்கிறார்கள் அம்மா.

1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபின் ஊருக்குக் கப்பலேறியபோது, ஆயாவுக்கு ஒன்பது வயது. மடியில் இந்த மரவை, அதற்குள் அவல். நகைப்பெட்டி தொலைந்தது, அவல் பெட்டி வந்துவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

பழஞ்சாமான்:
காரைக்குடியில் பழைய சாமான் விற்கிறேன், வாரம் ஒரு மரவையாவது இப்படி வரும். அது மரப்பெட்டி இல்லை தங்கச்சி. மூங்கில் பின்னல், மேலே ஒரு மரத்தின் பால். பூசிப் பூசி ஒவ்வொரு பூச்சையும் இருட்டான, ஈரமான நிலவறையில் வைத்துத்தான் இறுக விடுவார்கள். வெயில் அதற்கு எமன்.

மூடியை அழுத்தாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, பீரோவுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் வைத்து மூடுங்கள். பூசணம் வருகிறதா என்று அடிக்கடி பாருங்கள். கொஞ்சம் இறங்கும், முழுக்க இறங்கும் என்று சொல்ல மாட்டேன். உரிந்த இடத்தில் வார்னிஷ், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். இனித் துடைப்பதென்றால் உலர்ந்த துணி மட்டும்.

பினாங்கு வாசி:
மரவைக்கு எனக்கு வழி தெரியாது. ஆயா அப்புறம் எங்கேயும் போகவில்லையா?

தேவகோட்டைப் பேத்தி:
போகாமலா! ஐயா, ஆயாவின் வீட்டுக்காரர், பினாங்குக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் பார்க்க, போனபோது, "நானும் வருவேன்" என்று நின்றிருக்கிறார்கள். உங்கள் ஊரில்தான் ஆறு வருஷம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகிறதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு நோன்யா அம்மா, அந்த ஊரிலேயே தலைமுறையாக ஊறிய சீன வம்சம், செருப்புக்கு மணி கோப்பாராம். காலில் மிதிக்கிறதுக்கா இவ்வளவு வேலை என்று கேட்டு, அதே மணியை வாங்கி வந்து கொட்டானில் கோத்தவர்கள் ஆயா. பனையோலைக் கொட்டான், மேலே ரோஸும் பச்சையுமாக ஒரு பறவை. ஊரில் எல்லோரும், "மயில் தோகை ஏன் இப்படிப் பிய்ந்து கிடக்கு?" என்பார்கள். அது சீனத்துப் பறவை என்று ஆயா யாருக்கும் விளக்கியதில்லை. எனக்கே கல்லூரிக்குப் போனபின்தான் தெரியும்.

பினாங்கு வாசி:
ரஜூலா கப்பலில் வந்திருப்பார்களே? எங்கள் அம்மாவும் நாகப்பட்டினத்தில் அதில்தான் ஏறினார்கள்.

தேவகோட்டைப் பேத்தி:
ரஜூலாவேதான். திரும்பும்போது தளத்தில் உட்கார்ந்து குரோஷா பின்னியிருக்கிறார்கள். நூலுருண்டை உருண்டு கடலில் விழுந்துவிட்டது. ஆள்கள் சிரிக்கச் சிரிக்க, முழம் முழமாக இழுத்து மேலே கொண்டுவந்து, உப்புநீரோடு காயவைத்து அதிலேயே பின்னி முடித்தார்களாம். அந்த விரிப்பு எங்கள் வீட்டில் இருக்கிறது. நடுவில் ஒரு வளையம் மட்டும் பழுப்பு, எவ்வளவு வெளுத்தும் போகவில்லை. சாமானோடு அதையும் விரிக்கப்போகிறேன்.

தேவகோட்டைப் பேத்தி (மூன்று வாரம் கழித்து):
பழஞ்சாமான் அண்ணே, மூடி பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஒரு விரல் இடைவெளி நிற்கிறது, பரவாயில்லை. பூசணம் பார்க்க அடித்தட்டை எடுத்தபோது, தட்டுக்கு அடியில் ரோஸ் மணி ஏழு, அரக்கோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. சுரண்டாமல் அப்படியே விட்டுவிட்டேன்.