பேப்பர் பேட்ச்: ஒட்டா, உறையா, சீலையா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

காட்சியில் வைக்கும் பழைய துப்பாக்கிகளுக்கான குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது மார்ட்டினி ஹென்றி ரைஃபிளில் நிற்கிறேன். 1871-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. குண்டின் எடை 480 கிரெயின், அதாவது ஏறக்குறைய 31 கிராம். பன்னிரண்டு பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். இதுவரை சிக்கல் இல்லை. அந்தக் குண்டுக்கு 'பேப்பர் பேட்ச்' உண்டு என்கிறது மூலம். அகராதியைப் புரட்டி 'தாள் ஒட்டிய தோட்டா' என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு படித்தால் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் போட்டதுபோல் இருக்கிறது. இதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் வேண்டும்; இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால் கைகொடுங்கள்.

* * *

> தாள் ஒட்டிய தோட்டா

தங்கைக்கு வணக்கம். மூன்று சொல்லில் இரண்டு தவறு. கோபிக்க வேண்டாம், நானும் அதே தவறைச் செய்தவன்தான். நான் செய்தது துப்பாக்கியில்.

டொரொன்டோவுக்கு வடக்கே ஒரு கழகத்தின் சுடுகளத்துக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். என்னிடம் இருப்பது பழைய அமெரிக்க ஷார்ப்ஸ் ரைஃபிளின் புதுப் படி, 45 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 0.45 அங்குலம். அச்சில் ஈயம் வார்த்து, தாள் சுற்றிச் சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். முதல் இருபது குண்டுகளில் தாள் அவிழாமல் இருக்கட்டும் என்று விளிம்பெல்லாம் பசை தடவினேன். பார்க்க அழகாக இருந்தன. 100 யார்டில் ஒன்று இலக்கின் காதில் பட்டது, ஒன்று காலில் பட்டது, மற்றவை எங்கே போயின என்று மண்மேட்டுக்குத்தான் தெரியும். பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த முதியவர் என் குண்டு ஒன்றை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ஒட்டினாயா?" என்றார். அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது.

இந்தத் தாள் ஒட்டக் கூடாது. குழலுக்குள் இருக்கும்வரை குண்டை இறுகப் பிடித்திருக்க வேண்டும். வாயைத் தாண்டியதும் கழன்று விழ வேண்டும். சரியாகச் செய்திருந்தால் குழல்வாய்க்கு முன்னே சில அடி தூரத்தில் கல்யாண வீட்டு வாசல்போலத் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். சுட்டு முடித்துக் களம் அடைத்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது இலக்கை அல்ல, அந்தத் துணுக்குகளைத்தான். துணுக்கு கிடைக்கவில்லை என்றால் தாள் குண்டோடு போயிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

வேலை இதுதான். குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்கள்தான் புரிகள், அவற்றுக்கு நடுவே எழும்பி நிற்பவை மேடுகள். என் குழலில் எதிரெதிர் மேடுகளுக்கு இடைப்பட்ட விட்டம் 0.450 அங்குலம். பருத்திக் கூழில் செய்த தாளின் தடிப்பு 0.002 அங்குலம். இரண்டு சுற்றுச் சுற்றினால் விட்டத்தில் நான்கு தடிப்பு கூடும், அதாவது 0.008. ஆகவே வெறும் ஈயக் குண்டு 0.442 இருக்க வேண்டும். தாளை முனைகள் சாய்ந்த இணைகரமாக வெட்ட வேண்டும். தொடங்கிய விளிம்பும் முடிகிற விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது, நடுவே இடைவெளி விடவும் கூடாது. ஒரு மயிரிழை ஏறினாலும் அந்தப் பக்கம் தடித்துவிடும். நனைத்துச் சுற்றி, அடியில் மிஞ்சும் வாலை முறுக்கி மடித்து, காய வைக்க வேண்டும். காயும்போது தாள் சுருங்கித் தானே இறுகும். பசைக்கு வேலையே இல்லை.

ஈயம் மென்மையாக இருக்க வேண்டியதற்கும் காரணம் உண்டு. மருந்து வெடித்துத் தள்ளுகிற அதிர்ச்சியில் குண்டு சற்றுப் பருத்துத் தாளோடு சேர்ந்து புரிகளுக்குள் பதிகிறது. மேடுகளின் விளிம்பில் தாள் கீறுபடுகிறது. ஈயம் குழலைத் தொடுவதே இல்லை, அதனால் குழலில் ஈயம் படிவதும் இல்லை. 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கின் கிரீட்மூரில் அமெரிக்கரும் அயர்லாந்தினரும் 800, 900, 1000 யார்டுகளில் மோதினார்களே, 934-க்கு 931 என்று முடிந்த போட்டி, அந்தக் காலத்து நெடுந்தூரச் சுடுதல் பெரும்பாலும் இந்தத் தாளை நம்பித்தான் நடந்தது.

இரண்டாவது தவறு 'தோட்டா'. கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுமைக்குத்தான் தோட்டா என்று பெயர். தாள் சுற்றுவது குண்டுக்கு. ஈழத்தில் நாங்கள் 'சன்னம்' என்போம். என் வாக்கு: தாள்சுற்றுச் சன்னம்.

* * *

ஐயாவின் மடலை இருமுறை படித்தேன். தோட்டா பற்றி அவர் சொல்வது முழுக்கச் சரி. 1857 கிளர்ச்சியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'தோட்டாவைக் கடித்தார்கள்' என்று எழுத, மாணவன் ஈயக் குண்டைக் கடித்ததாக எண்ணிக்கொள்கிறான். கடித்தது தாள் பொதியின் மருந்துள்ள முனையை. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: அந்த என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாவில் மருந்தைக் குழலில் கொட்டிய பிறகு, குண்டைக் கொழுப்புத் தடவிய தாளோடு சேர்த்துத்தான் உள்ளே இடித்தார்கள். மிச்சத் தாளைக் கிழித்துப் போட்டார்கள். ஆகவே சிப்பாய்கள் எதிர்த்த அந்தத் தாளும் நாம் பெயர் தேடுகிற தாளின் உறவுதான்.

ஆனால் 'தாள்சுற்று' வேண்டாம். 'காவலர்கள் மூன்று சுற்று சுட்டனர்' என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம். 'இரண்டு சுற்று தாள்சுற்றுச் சன்னம்' என்று எழுத நேர்ந்தால் வாசகருக்குத் தலை சுற்றும்.

'தாளுறை' என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அதுவும் ஆகாது. செம்பு உறை போட்ட குண்டுக்கு அந்தச் சொல் தேவை. அந்த உறை குண்டோடு கடைசிவரை போகும், இது போகாது. வாளுறை கழல்கிறதே என்று வாதாடலாம். ஆனால் அங்கே வாள் போகும், உறை இடுப்பிலேயே இருக்கும். இந்தத் தாள் குழல்வாய் வரை வழியனுப்ப வருகிறது.

என் தந்தை சித்த வைத்தியர். பற்பம் என்னும் மருந்துச் சாம்பல் செய்யும்போது அகலை மூடி, மண் தோய்த்த துணியை ஈரமாகச் சுற்றிக் காய வைப்பார். காய்ந்ததும் இன்னொரு சுற்று. இதைச் சீலைமண் செய்வது என்பார்கள். காய்ந்து இறுகியதும் புடத்தில் வைப்பார். ஆறிய பிறகு சீலையை உடைத்து எறிந்துவிட்டு மருந்தை எடுப்பார். ஈரத்தில் சுற்றுவது, காய்ந்து இறுகுவது, நெருப்புக்குள் போவது, வேலை முடிந்ததும் உதிர்வது: ஐயா சொன்னதெல்லாம் இதில் இருக்கிறது. தாள் + சீலை = தாட்சீலை.

* * *

> தாட்சீலை

முதலில் சிரித்தேன். குண்டுக்குச் சேலை கட்டுவதா என்று மனைவியும் கேட்டார். பிறகு யோசித்தால் ஆங்கிலத்தில் 'பேட்ச்' வந்த வழியும் துணிதான். அந்தக் காலத்தில் உருண்டைக் குண்டை எண்ணெய்த் துணித் துண்டில் பொதிந்து வாய்வழியே இடித்தார்கள். அந்தத் துண்டின் பெயர் தாளுக்கும் வந்துவிட்டது. துணிக்குத் துணிச்சீலை, தாளுக்குத் தாட்சீலை என்று இரண்டையும் ஒரே சொல்லில் கட்டலாம். சீலையிடுதல், சீலை வெட்டும் தகடு, சீலை உதிர்தல் என்று வினையும் கருவியும் எளிதாக வருகின்றன. 'உறை'யில் இதெல்லாம் வராது. நேற்றுப் பத்துக் குண்டுகளுக்குச் சீலையிட்டேன், பசையில்லாமல். என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன்.

சன்னத்தை மட்டும் விட மனமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் சன்ன அரிசியைத்தான் நினைப்பார்களாம். குண்டுக்கு இன்னொரு பெயரான 'ரவை' என்றாலோ உப்புமா. சரி, குண்டு என்றே இருக்கட்டும்.

* * *

இருவருக்கும் நன்றி. குறிப்பு இப்படி அமைந்திருக்கிறது:

'மார்ட்டினி ஹென்றி ரைஃபிள், 1871. தாட்சீலைக் குண்டு: வார்த்த ஈயக் குண்டின்மேல் ஈரத் தாளைச் சுற்றிக் காயவைத்தது. சுட்டதும் குழல்வாயைத் தாண்டி இந்தச் சீலை கழன்று விழும்.'

இடமில்லாததால் வெள்ளீயக் கணக்கை வெட்டிவிட்டேன். 'தாட்சீலைக் குண்டு' என்பதில் க் மிகும் என்றுதான் எழுதியிருக்கிறேன்; மிகாது என்பவர்கள் நாளை மாலைக்குள் சொல்லிவிடுங்கள், அதன்பிறகு அச்சுக்குப் போய்விடும்.