லெவல் புத்தகத்தில் திருத்திய ஓர் எண்

பல்கலைக்கழகத்தில் சர்வேயிங் (நில அளவை) படித்தபோது இரண்டாம் ஆண்டு முகாமில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் நான் இந்தத் தொழிலில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

நாங்கள் நான்கு பேர் ஒரு குழு. இடத்துக்கு இடம் உயர வித்தியாசத்தை அளந்துகொண்டே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுற்றி, கிளம்பிய பெஞ்ச்மார்க்குக்கே (உயரம் தெரிந்த நிலைப்புள்ளி) வந்து லெவலை முடிக்க வேண்டும், அதே உயரம் திரும்ப வர வேண்டும். அனுமதித்த பிழை 12√K மில்லிமீட்டர், K என்பது கிலோமீட்டர் கணக்கில் தூரம். எங்களுக்கு அது சுமார் 17 மி.மீ. வந்ததோ 41. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கருவியையும் ஒப்படைக்க வேண்டும். ஒரு ஃபோர்சைட்டில் (முன்னோக்கிப் பார்த்துப் படித்த அளவு) 40 மி.மீ. குறைத்து எழுதினோம். பிழை 1 மி.மீ. ஆகிவிட்டது.

ஆசிரியர் அளவுகளை எழுதிய லெவல் புத்தகத்தை வாங்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, சரியாக அந்த வரியில் விரலை வைத்தார். ஸ்டாஃபை (அளவு குறித்த நீளக் கம்பம்) கருவிக்குள் தெரியும் மேல், நடு, கீழ் என்று மூன்று கோட்டிலும் படித்து எழுதுவது வழக்கம். மேலதையும் கீழதையும் கூட்டிப் பாதியாக்கினால் நடு அளவு வர வேண்டும். நாங்கள் நடுவை மட்டும் மாற்றியிருந்தோம். அவர் கோபப்படவில்லை. “41 வந்ததில் தப்பில்லை. அது உங்களிடம் எதையோ சொல்ல வந்தது, அதன் வாயை அடைத்துவிட்டீர்கள்” என்றார். அந்த வார்த்தை இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் மறுபடி எடுத்தோம். கருவியை மூன்றாவதாக நிறுத்திய இடத்தில் ஸ்டாஃபை நீட்டியபோதுதான் தெரிந்தது, மேல் அடுக்கின் பூட்டு சரியாக விழாமல் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிறது. முந்தின நாளும் அப்படித்தான் படித்திருக்கிறோம். பூட்டி எடுத்ததும் 6 மி.மீ.-இல் முடிந்தது.

வேலைக்கு வந்து சில வருடங்கள் கழித்து ஒரு தொழிற்கூடக் கட்டுமானத்தில் கான்கிரீட்டில் புதைக்கும் ஆங்கர் போல்ட்டுகளுக்குப் புள்ளி வைக்க வேண்டியிருந்தது. கான்கிரீட் லாரி வந்து நிற்கிறது, எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள். எந்த வேலைக்கும் முன்னால் தெரிந்த ஒரு புள்ளியை அளந்து பார்ப்பது அந்த முகாமுக்குப் பிறகு எனக்கு வந்த பழக்கம். பார்த்தால் தூரம் 30 மி.மீ. தள்ளி வருகிறது. அன்று காலையில் வேறு பிரிஸம் (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) கொண்டுவந்திருந்தார்கள், தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனில் இருந்ததோ பழைய பிரிஸத்தின் கான்ஸ்டன்ட், அதாவது அதற்கான திருத்த அளவு. மாற்ற அரை நிமிடம் போதும். பார்க்காமல் வைத்திருந்தால் அத்தனை போல்ட்டும் கான்கிரீட்டில் தப்பான இடத்தில் இறுகியிருக்கும்.

படிக்க வருகிற தம்பி தங்கைகள் “கணக்கு ரொம்ப வருமா?” என்று கேட்கிறார்கள். வரும். கோண அளவியல், புள்ளியியல், பிழைகளைப் பகிர்கிற லீஸ்ட் ஸ்கொயர்ஸ், பூமியின் வடிவத்தைப் பற்றிய ஜியோடெஸி எல்லாம் உண்டு. நிலச் சட்டமும் படிக்க வேண்டும். எல்லைக் கல் விஷயத்தில் இரண்டு குடும்பங்கள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அங்கே வெறும் ஆயத்தொலைவு பேசாது, பழைய ஆவணத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ட்ரோனும் லேசர் ஸ்கேனரும் வந்துவிட்டதால் இந்தப் படிப்பு வீண் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரு நாளில் கோடிக்கணக்கான புள்ளிகள் வருகின்றன. அவற்றில் எத்தனை சென்டிமீட்டர் தவறு இருக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

*

மேலே ஒருவர் லெவல் புத்தகத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் முதல் சுரங்கப்பாதை வேலை ஞாபகம் வந்தது. வெளியே டிராவர்ஸ் (புள்ளிக்குப் புள்ளி கோணமும் தூரமும் அளந்து போவது) ஓட்டினால் சுற்றி வந்து மூடிப் பார்க்கலாம். சுரங்கத்துக்குள் அது முடியாது. முன்னால் பாறை, போன வழியேதான் திரும்ப வேண்டும். எதிர்ப் பக்கத்துக் குழு வந்து சேரும்வரை தப்பு தெரியாது.

நான் புதிதாகச் சேர்ந்தவள். வசதியாக இருக்கிறதே என்று எல்லா ஸ்டேஷனையும் (கருவி நிறுத்தும் இடம்) ஒரே சுவரோரமாக வைத்தேன். மூத்தவர் ஒருவர் அழைத்துப்போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், கதகதப்பாக இருந்தது. சுவருக்கும் நடுக்காற்றுக்கும் வெப்பம் மாறுவதால் பார்வைக் கோடே வளைகிறது, அதுவும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரே பக்கமாக. 5 விநாடிக் கோணம் (ஒரு விநாடி என்பது டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) பிசகினால் 200 மீட்டரில் சுமார் 5 மி.மீ. கிலோமீட்டர் கணக்கில் அது சேர்ந்துகொண்டே போகும். அன்றிலிருந்து இடமும் வலமுமாக மாற்றி மாற்றித்தான் வைக்கிறேன். திசையைத் தனியாகச் சரிபார்க்க கைரோ தியோடொலைட்டும் (தானே வடக்கைக் கண்டுபிடிக்கும் கோணக் கருவி) உண்டு.

சுவிட்சர்லாந்தின் 57 கி.மீ. கோட்ஹார்ட் ரயில் சுரங்கத்தில் 2010 அக்டோபர் 15 அன்று இரண்டு பக்கத்துக் குழுக்களும் சந்தித்தபோது விலகல் பக்கவாட்டில் 8 செ.மீ., உயரத்தில் 1 செ.மீ. மட்டுமே. எங்களுடையது சின்ன சுரங்கம்தான், ஆனாலும் கடைசிப் பாறை உடைந்த நேரத்தில் என் கை நடுங்கியது.

*

மேலே எழுதிய இருவரும் நிலத்தில், நான் கடல் சர்வே. படித்து முடித்த கையோடு இந்தியப் பெருங்கடலில் ஒரு கப்பலில் ஏறினேன். முதல் நாள் ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் இடங்காட்டி) திரையில் ஆண்டெனாவின் உயரம் மைனஸ் 90 மீட்டருக்குப் பக்கமாகக் காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று பயந்து ஓடிப்போய்ச் சொன்னேன். தலைமை சர்வேயர் ஜியாய்டு, அதாவது புவியீர்ப்பால் அமையும் கடல் மட்டத்தின் வரைபடத்தை விரித்தார். கருவி தருவது, பூமியின் வடிவமாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும் சீரான நீள்கோளத்திலிருந்து உயரம். கடல் மட்டம் புவியீர்ப்பைப் பின்பற்றுகிறது. உலகத்திலேயே அந்த மட்டம் மிகவும் தாழ்ந்து, 100 மீட்டருக்கும் கீழே போகும் பள்ளம் இந்தக் கடலில்தான் இருக்கிறது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். கடல் நடுவே நின்றபோதுதான் அது உள்ளே இறங்கியது.

பிறகு தண்ணீருக்குள் ஒலியின் வேகத்தை அளக்கும் கருவியை இறக்கச் சொன்னார். ஒலி அடியில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் ஆழத்தைக் கணக்கிடுகிறோம். சுமார் 1,500 மீட்டர் ஒரு விநாடிக்கு என்று படித்திருந்தேன். வெப்பமும் உப்பும் மாற மாற அதுவும் மாறுகிறது, அளக்காமல் விட்டால் ஆழம் முழுதும் தப்பு. காலையில் எடுத்ததை வைத்து மாலை வரை ஓட்டலாமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மதியம் மறுபடி இறக்கினார். இரண்டு வரைகோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மேலே முதல் 20 மீட்டரில் அவை ஒட்டவே இல்லை.