தொமே-அசூ: மிளகு போன பிறகு

பிரேசில் கிராமப்புற அனுபவம் கேட்டிருந்தீர்கள். நான் மிளகு வாங்குகிற வேலையாகப் பாரா மாநிலத்தின் தொமே-அசூவுக்குப் போனேன், பெலெம் நகரிலிருந்து சுமார் 200 கி.மீ. நம் பக்கம் மிளகுக் கொடியை முள்முருங்கையிலோ சில்வர் ஓக்கிலோ ஏற்றுவோம், அங்கே நல்ல வெயிலில் வரிசையாக நட்ட மரக்கம்பங்களில் ஏற்றியிருந்தார்கள்.

தோட்டம் காட்டிய பெரியவர் ஜப்பானிய வம்சாவளி. அவர்களின் முன்னோர் 1929-ல் வந்து காட்டைத் திருத்திக் கொக்கோ போட்டார்கள், சரிப்பட்டு வரவில்லை. மலேரியா வேறு வாட்டியதால் பல குடும்பங்கள் ஊரைவிட்டே போய்விட்டன. 1933-ல் புதுக் குடியேறிகளை அழைத்து வந்த உசுயி என்பவர் வழியில் சிங்கப்பூரில் 20 மிளகு நாற்றுகளை வாங்கினார், அவற்றில் பிழைத்தவை மிகச் சில. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரேசில் அரசு இந்த ஊரையே ஜப்பானியரை அடைத்து வைக்கும் இடமாக்கியது. போர் முடிந்ததும் உலகச் சந்தையில் மிளகு விலை எகிற, பிழைத்த அந்தக் கொடிகளின் வம்சம் ஊருக்கே சோறு போட்டது. 1959-ல் இது தனி முனிசிபாலிட்டி ஆனது.

அப்புறம் ஃபுசேரியம் பூஞ்சை வந்தது. வேர் அழுகித் தோட்டம் தோட்டமாகக் கொடிகள் செத்ததைப் பெரியவர் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது. அவருடைய அப்பா பட்டுப்போன கொடிகளுக்கு நடுவிலேயே கொக்கோவும் பேஷன் ஃப்ரூட்டும் வைத்தாராம், மேலே நிழலுக்குப் பெரிய மரங்கள். இன்று அசாய், குபுவாசு என்ற அமேசான் பழமரங்கள் எல்லாம் அதே நிலத்தில் கலந்து நிற்கின்றன, ஒன்று விலை போகாத வருஷம் இன்னொன்று கைகொடுக்கிறது. கம்தா என்ற கூட்டுறவுச் சங்கம் பழக்கூழ் எடுத்து விற்கிறது, ஊர்க் கொக்கோவுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எல்லோரும் இதை ஜப்பானியர் சாதனை என்றே பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பார்த்துக் கற்றது ஆற்றங்கரையில் வாழ்கிற அமேசான் மக்களின் வீட்டுக் கொல்லைகளை, பல மரங்களைக் கலந்து வளர்க்கிற அந்தப் பழக்கத்தை. அந்த மக்களுக்கும் பாதிப் பெருமை சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

திரும்பும் வழியில் கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்ப்பனை. ஒற்றைப் பயிரால் இவ்வளவு அடிபட்ட மண்ணில் மறுபடியும் ஒரே பயிரா என்று மனசு ஒப்பவில்லை. அந்தப் பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் இங்கே இருந்தால் கூலியும் நிலவரமும் எப்படி என்று எழுதுங்கள்.