தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது? எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில்

பெரியம்மா: தேங்காய் எண்ணெய் காலையில் பார்த்தால் கல்லாக உறைந்து கிடக்கிறது. பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெய்க்கு ஒன்றும் ஆகவில்லை. செக்கில் ஏதாவது கலந்துவிட்டார்களா?

கவிதா: கவலைப்படாதீர்கள் பெரியம்மா. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறையும். மார்கழிக் குளிர் போதும்.

சரவணன்: இரண்டும் எண்ணெய்தானே? ஒன்று மட்டும் ஏன்?

கவிதா: காயும் விதையும் அதைச் செய்யும் விதத்தில் இருக்கிறது அண்ணா. இலையில் உண்டான சர்க்கரை பருப்புக்கு வந்து சேரும். செல்லுக்குள் கணிகம் என்று ஓர் உறுப்பு உண்டு, இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்கு உறவு. எண்ணெயின் அடிப்படையான கொழுப்பு அமிலம் அந்தச் சர்க்கரையிலிருந்து அங்கேதான் உருவாகிறது. பூத் தொடுப்பது போல, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு கார்பனாகச் சேர்த்துக்கொண்டே போகும். ஏசிபி என்ற சிறு புரதம் அந்தச் சரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கவிதா: போதும் என்று அறுத்துவிட ஒரு நொதி இருக்கிறது. பெரும்பாலான செடிகளில் 16 அல்லது 18 கார்பனில் அறுக்கும். தேங்காயில் பெரும்பாலும் 12லேயே அறுத்துவிடும். அதுதான் லாரிக் அமிலம், தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி.

சரவணன்: எள்ளில்?

கவிதா: அங்கே பெரும்பாலும் 18 வரை போகும். அப்புறம் வேறொரு நொதி நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பைப் போடும், அது ஒலியிக் அமிலம். கணிகத்தைவிட்டு வெளியே வந்தபின் சிலவற்றுக்கு இரண்டாவதும் விழும், அது லினோலியிக். பிணைப்பு விழுந்த இடத்தில் சரம் வளைந்துவிடும். கோணல் விறகை நெருக்கி அடுக்க முடியாதல்லவா, அதனால்தான் நல்லெண்ணெய் எளிதில் உறைவதில்லை. தேங்காய் எண்ணெயில் பெரும்பாலும் நேர் விறகு. இன்னொன்று, லினோலியிக்கை நம் உடம்பால் செய்யவே முடியாது, செடி செய்து தந்தால்தான் உண்டு. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

பெரியம்மா: அப்படியென்றால் உறைந்தாலே சுத்தம் என்று வைத்துக்கொள்ளலாமா?

கவிதா: முடியாது பெரியம்மா. எண்ணெய்ப்பனைப் பருப்பின் எண்ணெயிலும் லாரிக்தான் அதிகம். அதைக் கலந்தாலும் உறையும்.

தாத்தா: வழுக்கையில் எண்ணெய் ஏது? மரத்தில் 12 மாதம் நின்று முற்றின காயைத்தான் கொப்பரைக்குப் போடுவோம்.

கவிதா: ஆமாம் தாத்தா, முற்றும் மாதங்களில்தான் இந்த வேலையெல்லாம் நடக்கிறது. மூன்று மூன்று சரமாகக் கிளிசரால் என்ற சிறு மூலக்கூறில் கோத்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்துவைக்கும். முளைத்து வரும் தென்னம்பிள்ளைக்கு அதுதான் சாப்பாடு.

பெரியம்மா: வெயிலில் வைத்தேன், உருகிவிட்டது. செக்குக்காரரைக் கேட்கலாம் என்று கிளம்பினேன், நல்லவேளை போகவில்லை.