நாரி வருத்தக்காரருக்கு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு: விண்ணப்பம் திரும்பி வந்திட்டுது

மாங்குளத்தான்: அவசரம். அண்ணைக்கு நாரியில டிஸ்க் விலகல், வேலைக்குப் போகேலாது. விண்ணப்பத்தைத் திருப்பிப்போட்டினம். இனி என்ன செய்யிறது?

வவுனிக்குளம்: வயசென்ன? என்ன வேலை? எப்ப தொடங்கினது? அரசாங்கத்தின்ர அஸ்வெசும உதவிக்காசு கிடைக்குதோ? ஏன் நிராகரிச்சது எண்டு பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரிட்டைக் கேட்டீங்களோ?

குளக்கட்டு: எம்.ஆர்.ஐ எடுத்துக் குடுங்கோ. படம் இருந்தால் ஒருத்தரும் மறுக்கேலாது.

பழையகோப்பு: தம்பி, அரைகுறையாய்க் கேட்டால் ஆர் பதில் சொல்லுறது? கேட்டதுகளை முதல் எழுதும். குளக்கட்டு, படம் மட்டும் காணாது. டிஸ்க் பிதுங்கின கனபேர் வயல் செய்யினம். வைத்தியர் எழுதவேண்டியது உடம்பால ஏலாததை: எத்தினை நிமிசம் இருக்கேலும், எவ்வளவு தூரம் நடக்கேலும், குனிஞ்சு செருப்புப் போடேலுமோ, கால் பெருவிரலை மேல தூக்கேலுமோ. 'நாரி நோ, ஓய்வு தேவை' எண்ட துண்டு எடுபடாது.

குளக்கட்டு: படமில்லாமல் வைத்தியர் எதை வைச்சு எழுதுவார்?

பழையகோப்பு: சோதிச்சுப் பாத்தும், கிளினிக் கொப்பியை வைச்சும். போன திகதி, குடுத்த குளிசை, பிசியோ எல்லாம் அதில கிடக்கு. வருத்தம் நாட்பட்டது எண்டதுக்கு அதுதான் சாட்சி. முழுப் பக்கத்தையும் போட்டோக்கொப்பி எடுங்கோ.

குளக்கட்டு: 7,500 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலோ?

பழையகோப்பு: அது பழைய கணக்கு. 2025 ஏப்ரலில இருந்து 10,000.

மாங்குளத்தான்: 43 வயசு. கட்டட வேலை, போன வருசம் சாரத்தால விழுந்தவர். அஸ்வெசும இருக்கு. வலக்கால் விறைப்பு. ரெண்டு நாளாய்ச் சலம் போகக் கஷ்டமாம்.

வவுனிக்குளம்: கொப்பியை விடுங்கோ! சலம் போகாதது முள்ளந்தண்டின்ர அடியில நரம்புக்கத்தை நெரிபடுறதாய் இருக்கலாம். மலவாசலைச் சுத்தி, உள்தொடையில விறைப்பு இருக்கோ எண்டு கேளுங்கோ. இல்லையெண்டாலும் இப்பவே பெரியாசுப்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கோ. பிந்தினால் சலமும் காலும் பழையபடி வராமல் போகலாம்.

பழையகோப்பு: ஓம், உடன போங்கோ. காசைப் பிறகு பாக்கலாம். ஆனால் வேலைத்தலத்தில விழுந்தது எண்டதை முதலே சொல்லியிருக்கவேணும். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்படி விபத்து நடந்து 2 வருசத்துக்குள்ள கோரிக்கை போடலாம். அது முதலாளி குடுக்கவேண்டிய காசு, கொடுப்பனவு வேற. விழுந்த திகதியும் கண்ட ஆக்களின்ர பேரும் எழுதி வையுங்கோ. ஊழியர் சேமலாப நிதி கட்டினவரெண்டால், நிரந்தரமாய் வேலை செய்யேலாது எண்ட வைத்தியச் சான்றோட அதையும் முன்னமே எடுக்கலாம்.

மாங்குளத்தான்: வாட்டில மறிச்சிட்டினம். சலக்குழாய் போட்டிருக்கு. நாளைக்கு எம்.ஆர்.ஐ. நன்றி.