வேலூரில் பெண்கள் படித்தது கிறிஸ்தவத்தாலா, கிறிஸ்தவத்தை மீறியா?

கோட்டை அகழி:
சென்ற வாரம் காட்பாடியில் ஒரு திருமண வரவேற்பு. பந்தியில் எனக்கு இடப்பக்கம் இருந்தவர், “வெள்ளைக்காரப் பாதிரி வராமல் இருந்திருந்தால் வட ஆற்காட்டில் ஒரு பெண்கூட ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டிருக்க மாட்டாள்” என்றார். வலப்பக்கம் இருந்தவர், “பெண்ணைச் சபையில் வாய் திறக்காதே என்று சொன்ன மதமா அவளைப் படிக்க வைத்தது?” என்று பாய்ந்தார். நடுவில் மாட்டிக்கொண்ட எனக்குப் பிரியாணி ஆறிப்போனதுதான் மிச்சம். இருவரில் யார் சொன்னது சரி? ஊர் வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டிக்கொள்ள வேண்டாம்.

பாகாயத்துப் பெண்:
31 ஆண்டுகள் செவிலியர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இடப்பக்கத்துக்காரர் சொன்னது கொஞ்சம் மிகை, ஆனால் பொய்யில்லை.

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரிக் குடும்பம். ஆனால் அவருக்கு இந்த ஊரில் தங்கும் எண்ணமே இல்லை. நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்த இடத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளுக்கும் பிரசவச் சிக்கல். வந்தவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். “என் அப்பா மருத்துவர், அவர் வருவார்” என்கிறார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அதன்பிறகு அமெரிக்கா போய்ப் படித்து, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கித் திரும்பினார். 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை. 1909-ல் செவிலியர் பள்ளி. 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி, இன்றைய வேலூர் சி.எம்.சி. விண்ணப்பம் போட மூன்று பெண்கள் வந்தாலே பெரிது என்று சென்னையில் இருந்த அரசு மருத்துவத் தலைவர் சொன்னாராம். வந்தவர்களில் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-ல். வேலூர் அதற்கு 30 ஆண்டுகள் முந்திவிட்டது. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஈரோட்டுக் கண்ணாடி:
அம்மா, ஐடா ஸ்கடரை யாரும் குறைத்துப் பேசவில்லை. நான் கேட்பது வேறு. அது ஐடாவின் பெருமையா, கிறிஸ்தவத்தின் பெருமையா?

பைபிளில் தீமோத்தேயுவுக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பெண் உபதேசிக்கக்கூடாது, அமைதலாயிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. சபை அதை ஏட்டில் மட்டும் வைத்திருக்கவில்லை, நடைமுறையாகவே கடைப்பிடித்தது. ஸ்கடர் குடும்பத்தை இங்கே அனுப்பிய அமெரிக்கச் சீர்திருத்தச் சபை, போதகர் பதவியைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது 1979-ல். ஐடா இறந்து 19 ஆண்டுகள் கழித்து! 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2013-ல். கத்தோலிக்கச் சபையில் பெண் குருவானவர் என்ற பேச்சே இல்லை.

சட்டத்தையும் பாருங்கள். 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கானது. மனைவி பிறரோடு உறவு வைத்திருந்தால் அது ஒன்றே போதும், கணவன் விலகிவிடலாம். கணவன் அப்படி இருந்தால் மனைவிக்கு அது போதாது, கூடவே கொடுமையையோ கைவிடலையோ மெய்ப்பிக்க வேண்டும். இந்த வேறுபாடு 2001 வரை நீடித்தது. 132 ஆண்டுகள். இதை மாற்றச் சொல்லி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்?

பாகாயத்துப் பெண்:
பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று எங்கே உயிர்விட்டார் என்பது உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எங்கள் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். கடவுள் இல்லை என்றவரின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டவர்கள் இந்தப் பெண்கள்தான்.

ஈரோட்டுக் கண்ணாடி:
அந்தப் பெண்களுக்கு என்றும் நன்றி. நன்றி அவர்களுக்கு, பவுலுக்கு இல்லை.

பாலாற்று மணல்:
இருவரும் ஒன்றை மறைக்கிறீர்கள். மிஷன் ஆஸ்பத்திரி வந்தது ஆள் சேர்க்க. படிப்பும் மருந்தும் தூண்டில் புழு. பெண்ணுக்கு மருத்துவப் படிப்பைத் திறந்தது பாதிரி இல்லை, அரசு. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. புதுக்கோட்டையிலிருந்து போன முத்துலட்சுமி ரெட்டி அங்கேதான் படித்து 1912-ல் பட்டம் வாங்கினார். அவர் எந்தச் சர்ச்சுக்குப் போனார்? 1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியது அவர்தானே?

குடியாத்தம் வழக்கறிஞர்:
பாலாற்று மணல் அவர்களே, பாதி சரி. 1875-ல் சேர்ந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லிப். பின்னாளில், திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களுக்கான திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர். மற்ற மூவரின் பெயரையும் பாருங்கள்: ஒயிட், மிட்செல், பீல். நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் இல்லை. 1878-ல் சேர்ந்த கிருபாபாய், கிறிஸ்தவராக மாறிய குடும்பத்துப் பெண். கதவைத் திறந்தது அரசு என்பது உண்மை, ஆனால் வீட்டிலிருந்து அந்தக் கதவு வரை பெண்ணை நடக்கவிட்ட குடும்பங்கள் முதலில் எவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? முத்துலட்சுமி அதற்கு விதிவிலக்கு, அவருக்காக அவருடைய அப்பா பட்ட பாடு தனிக்கதை.

ஈரோட்டுக் கண்ணாடிக்கும் ஒன்று. சபை வேறு, சபைப் பெண்கள் வேறு. அமெரிக்காவில் ஆண்கள் நடத்திய மிஷன் சங்கங்கள் மணமாகாத பெண்ணைத் தனியே வெளிநாட்டுக்கு அனுப்பத் தயங்கின. அதனால்தான் 1861-ல் சாரா டோரமஸ் என்பவர் நியூயார்க்கில் பெண்களே நடத்தும் தனிச் சங்கம் தொடங்கினார். பிறகு ஒவ்வொரு சபையிலும் பெண்கள் தனி வாரியம் வைத்துக்கொண்டார்கள். கணக்கு, வழக்கு, யாரை எங்கே அனுப்புவது எல்லாம் அவர்கள் கையில். வேலூருக்குக் காசு வந்த வழியும் அதுதான். 1920-களின் தொடக்கத்தில் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக லூசி பீபாடி தலைமையில் நிதி திரட்டினார்கள். பெண்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் ராக்பெல்லர் நிதி 10 லட்சம் தரும் என்பது பேச்சு. சேர்த்துவிட்டார்கள். சபையில் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள்தான் அந்தச் சபையின் பெயரிலேயே இவ்வளவும் செய்தார்கள்.

ஆகவே, கோட்டை அகழி ஐயா, தலைப்பில் “கிறிஸ்தவத்தாலா, மீறியா” என்று கேட்டீர்கள். இரண்டும் ஒரே ஆட்கள் செய்ததுதான். அவர்களிடம் போய் நீங்கள் வேதத்தை மீறுகிறீர்கள் என்று சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதியதும் அதே பவுல்தானே என்று கேட்டிருப்பார்கள்.

மேல்விஷாரத்துக்காரன்:
திண்டிவனத்தில் கதவைத் தட்டியவர்களில் ஒருவர் எங்கள் ஆள் என்பதால் நானும் ஒரு வார்த்தை. தந்தை சொத்தில் மகளுக்குப் பங்கு என்று எங்கள் மார்க்கம் ஏழாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டது. மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான், ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1882 வரை காத்திருந்தாள். ஆனால் எழுதி வைத்த எங்கள் ஊரில் எத்தனை மகள்களுக்குப் பத்திரம் ஆனது என்று கேட்காதீர்கள், நானும் அண்ணன் தம்பிகளோடு பிறந்தவன்.

ராணிப்பேட்டைக்காரி:
எல்லோரும் அந்த மூன்று இரவுத் தட்டல்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். இறந்த மூவரின் பெயர் நான் படித்த எந்தப் பதிப்பிலும் இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் கதவுக்குப் பின்னால் இருந்த பெண்கள். என் பாட்டியின் அம்மாவுக்குக் கதவே கிடையாது, சொல்லப்போனால் தட்டுவதற்கு ஒரு தட்டிதான் இருந்தது. நடவுக்கும் களைக்கும் போனவள். அவள் வெளியே வர யாரும் அனுமதி தர வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது கூலியும் எழுத்தும்.

ஆற்காடு மிஷன் 1853-ல் தொடங்கியது. அதில் சேர்ந்த கிராமங்களில் பெரும்பாலானவை எங்கள் தெருக்கள்தான். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவள் பாட்டி. வேதாகம ஸ்திரீ என்று ஒரு வேலை இருந்தது தெரியுமா? பெரும்பாலும் விதவைகள். மிஷன் அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து, சிறு சம்பளம் கொடுத்து, கையில் புத்தகத்தோடு ஊர் ஊராக அனுப்பும். என் பாட்டி அப்படி நடந்தவள். வெள்ளைப் புடவை, ஒரு துணிப்பை, குடை. அவள் சொன்ன சுவிசேஷத்தை எத்தனை பேர் கேட்டார்களோ தெரியாது. ஆனால் விதவை ஒருத்தி தனியாக, குடை பிடித்துக்கொண்டு, செருப்போடு மேல்தெரு ஓரமாக நடந்து போனதை ஊரே பார்த்தது. தூண்டில் புழு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, பசித்தவளுக்குப் புழுவும் ஒரு வேளைச் சாப்பாடு.

அதற்காக நான் பாகாயத்து அம்மாவின் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியில் சேர மாட்டார் என்றது. பிறகு 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். எங்களைச் சேர்க்கவில்லை. பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு நான் போட்டியிட முடியாது. அதே தெருவில் அம்மனைக் கும்பிடும் என் பெரியப்பா மகள் போட்டியிடலாம். சபையில் எங்களைத் தனி வரிசையில் உட்கார வைத்த காலமும் உண்டு. பெண் உரிமை என்று நீங்கள் ஒரே சொல்லாகச் சொல்வது எனக்கு ஒரு சொல்லாக வருவதில்லை.

பாகாயத்துப் பெண்:
உங்கள் பாட்டியைப் பற்றி இன்னும் எழுதுங்கள் அம்மா. நான் கட்சி கட்டவில்லை. ஒன்று மட்டும்: வேலூரில் நான் பயிற்சியில் சேர்ந்தபோது எங்கள் விடுதி அறையில் நாலு பேர். அதில் இருவர் உங்கள் தெருப் பெண்கள் போலத்தான். ஒரே தட்டுக் கழுவும் தொட்டி. என் வீட்டில் அது நடந்திருக்காது. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஈரோட்டுக் கண்ணாடி:
ராணிப்பேட்டைக்காரி எழுதியதற்குப் பிறகு பவுலோடு மல்லுக்கட்டுவது எனக்கே சலிப்பாக இருக்கிறது. சொத்துக்கு வருகிறேன், அடிமடி அதில்தான் இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 60 ஆண்டுகள் கழித்து, 1989-ல் தமிழ்நாட்டில் அது இந்துப் பெண்களுக்குச் சட்டமானது. எந்த மதமும் தானாக முன்வந்து இதைத் தரவில்லை.

குடியாத்தம் வழக்கறிஞர்:
அதிலும் ஒரு சிக்கல். 1865-ஆம் ஆண்டு வாரிசுச் சட்டமும் அதன் பின்வந்த 1925 சட்டமும் நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தின. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் வேறுபாடு கிடையாது. அதாவது நீங்கள் 1929-ல் கேட்டது வேலூர்க் கிறிஸ்தவப் பெண்ணுக்குச் சட்டப்படி முன்பே இருந்தது. ஆனால் இதை வைத்து மதம் கொடுத்தது என்று யாரும் கொண்டாட வேண்டாம். எழுதியது காலனி அரசு. திருவிதாங்கூரில் கிறிஸ்தவ மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் அதை உடைத்தார். அவருக்கு அங்கே சபை மாலை போட்டு வரவேற்கவில்லை. அதே வேதத்தைத்தான் இரண்டு ஊரிலும் வாசிக்கிறார்கள்.

பாகாயத்துப் பெண்:
வழக்கறிஞர் அம்மா, இந்தச் சமப் பங்கு எங்களுக்கு இருந்தது என்று இன்றுதான் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது. என் அப்பா இறந்த நாற்பதாவது நாள், வீட்டில் ஜெபம் முடிந்ததும், என் இரண்டு அண்ணன்களும் ஒரு பத்திரத்தை நீட்டினார்கள். சபையின் மூத்தவர் ஒருவரும் உடன் இருந்தார். உனக்குத்தான் படிப்பு கொடுத்தாயிற்றே, வேலையும் இருக்கிறதே என்றார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியப் பணிக்குப் போனேன்.

குடியாத்தம் வழக்கறிஞர்:
விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுப்பது. என் மேசைக்கு வாரம் ஒன்று வருகிறது, எல்லா மதத்திலிருந்தும்.

மேல்விஷாரத்துக்காரன்:
நான் முதலிலேயே சொன்னேன், கேட்காதீர்கள் என்று.

கோட்டை அகழி:
பாகாயத்து அம்மா கேட்காமல் நானே கேட்கிறேன். அந்தப் பத்திரத்தை இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

குடியாத்தம் வழக்கறிஞர்:
பதிவான பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும். ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள். உரிமை இருப்பது எனக்குத் தெரியாது என்பதை மட்டும் வைத்து நீதிமன்றத்தை நம்பவைப்பது கடினம், அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா, பத்திரத்தின் நகல் கையில் இருக்கிறதா? எந்த வருடம்?

பாகாயத்துப் பெண்:
1996. நகல் அண்ணனிடம்.